ஸ்டெல்லா ரூட்: நட்பா, காதலா? ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு விஷுவல் நாவல் செய்திருந்தார்கள். ஒருத்தி எழுத்து, இன்னொருத்தி படம். முழுக்கத் தமிழ். விடாமல் படித்தால் ஒரு ரூட், அதாவது கதையின் ஒரு கிளை, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெளியிடுகிற நேரத்தில் ஒரு கேள்வியில் வேலை நின்றுபோனது. விளையாட்டின் பக்கத்தில் என்ன டேக், அதாவது கதையின் வகையைச் சொல்லும் என்ன குறிச்சொல், போடுவது? பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதை என்றா, ஹாஸ்டல் நட்புக் கதை என்றா? எழுதியவள் “நாங்க எழுதினது நட்பைத்தான்” என்றாள். வரைந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்று எங்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

எங்களிடம் என்றால், வண்ணார்பேட்டையில் ஒருவர் வீட்டு மாடியில் கூடி விஷுவல் நாவல் பேசுகிற சின்னக் கூட்டம். தமிழ் எம்.ஏ. படித்த ஒருத்தி, ஐ.டி. வேலைக்காரத் தம்பி ஒருவன், முன்பு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்த ஓர் அம்மா, கல்லூரிப் பெண் ஒருத்தி, நான். வார்டன் எங்கள் எல்லோருக்கும் எக்கா. அவருக்கு விளையாட்டில் பெரிய ஆர்வம் கிடையாது. மகள் விட்டுச்சென்ற லேப்டாப்பில் கதை படிக்கலாம் என்று தெரிந்ததும் வந்து சேர்ந்தவர்.

விஷுவல் நாவல் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பின்னணியில் ஒரு படம், அதன்மேல் பாத்திரங்கள், கீழே ஒரு பெட்டியில் ஓடும் எழுத்து. நடுநடுவே ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று கேட்கும். தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். அந்தக் கிளைதான் ரூட். ஜப்பானில் வளர்ந்த வடிவம். விஷுவல் நாவல் செய்வதற்கென்றே டாம் ராத்தமெல் உருவாக்கிய ரென்பை என்ற இலவச மென்பொருள் 2004இல் வந்ததிலிருந்து, கைக்காசு போடாமல் வீட்டில் இருந்தபடியே யாரும் ஒன்றைச் செய்யலாம் என்றாகிவிட்டது. அதன் பழைய பதிப்புகளில் தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கிடக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

டேக்குக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பெண்-பெண் காதலை நேரடியாகச் சொல்லும் விஷுவல் நாவல்கள் நிறையவே இருக்கின்றன. 2006இல் தொடங்கிய ‘சோனோ ஹனபிரா’ வரிசை, லையர்சாஃப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்டு பின்னால் ‘கின்ட்ரெட் ஸ்பிரிட்ஸ் ஆன் தி ரூஃப்’ என்று ஆங்கிலத்துக்கு வந்த கதை, இவற்றிலெல்லாம் தீர்ப்புச் சொல்ல வேலையே இல்லை. கதையே வாய்விட்டுச் சொல்லிவிடும். வாய்விட்டுச் சொல்லாத கதைகளில்தான் சண்டை. காதல் என்று டேக் போட்டால், அதை நம்பி வருகிறவள் கடைசி வரை காத்திருந்து ஏமாந்து போகக்கூடும். இந்த மாதிரிக் கதை தேடுகிறவர்கள் ஏற்கெனவே நிறைய ஏமாந்தவர்கள். போடாவிட்டால், தேடுகிறவள் கண்ணிலேயே அது படாது.

கதை இதுதான். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வருகிறாள் இசக்கி. வாசகர் விளையாடுவது இசக்கியாக. விடுதியில் அறைத்தோழி ஸ்டெல்லா, உவரிக்காரி, கடலுக்குப் போகிற குடும்பம். வகுப்புத் தோழி மும்தாஜ், மேலப்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் அம்மா பீடி சுற்றுகிறார். இரண்டாம் வருடத்தின் நடுவில் இசக்கிக்கு வீட்டில் மாப்பிள்ளை பேசத் தொடங்குகிறார்கள். பொது முடிவு, மும்தாஜ் ரூட், ஸ்டெல்லா ரூட் என மூன்று முடிவுகள். முத்தம் கிடையாது. ‘உன்னைப் பிடிக்கும்’ என்ற வரிகூட எங்கும் கிடையாது.

தொடுகையை எண்ணியது

முதல் சுற்றில் எல்லோரும் தொடுகையைத்தான் எண்ணினார்கள். ஐ.டி. தம்பி ஒரு பட்டியலே போட்டுக்கொண்டு வந்திருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவது, ஒரே தட்டில் சாப்பாடு, மழை நாளில் ஒரே போர்வை, சுலோசன முதலியார் பாலத்தின் மேல் கை கோத்து நடப்பது, பாபநாசத்தில் குளித்துவிட்டு வந்ததும் ஒருத்தி தலையை இன்னொருத்தி துவட்டுவது. பெங்களூரில் இருக்கும் அவனுடைய நண்பன் நாலு படத்தைப் பார்த்துவிட்டு, “இது யூரிதான், இதுக்குப் போயி கூட்டம் போட்டுப் பேசுதீங்களா?” என்று கேட்டானாம். பெண்-பெண் காதல் கதைக்கு ஜப்பானியப் பெயர் யூரி.

எக்கா சிரித்துவிட்டார். “ஹாஸ்டல்ல பிள்ளைய எல்லாம் இப்படித்தாம்ல கெடக்கும். ஒருத்தி மடியில ஒருத்தி தலை வச்சிக் கெடக்கத எத்தனை வருசம் பாத்திருக்கேன். அத்தனையையும் காதல்னு எழுதுனா ரிஜிஸ்டர் பத்தாது.”

அவர் சொன்னதில் பாதி சரி. நம் பக்கம் இரண்டு பெண்கள் கை கோத்துக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பையனும் பெண்ணும் அப்படிப் போனால் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே திரும்பும். எல்லோரும் செய்கிற ஒன்று, செய்கிறவளைப் பற்றித் தனியாக எதையும் சொல்லாது. பெங்களூர் நண்பன் பார்த்தது தனக்குப் பழகிய படங்களின் வழக்கத்தை. அது இங்கே செல்லாது. மீதிப் பாதியை எக்கா சொல்லவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத வழக்கம் என்பதாலேயே, உண்மையில் காதலிக்கிற இரண்டு பேர் ஒளிந்துகொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆக, தொடுகையால் ‘ஆம்’ என்றும் நிறுவ முடியாது, ‘இல்லை’ என்றும் நிறுவ முடியாது. தம்பியின் பட்டியலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டோம்.

ஜப்பானிலும் இந்தச் சிக்கல் பழையது. யோஷியா நொபுகோ 1916இல் எழுதத் தொடங்கிய ‘ஹனா மோனோகதாரி’ கதைகளில் பெண்கள் பள்ளி மாணவிகளுக்கு இடையிலான ஆழமான பிரியம் வருகிறது. அந்தக் காலத்தில் அதை வீட்டார் பெரிதாகக் கண்டுகொள்ளாததற்கு ஒரு காரணம், படிப்பு முடிந்து கல்யாணம் ஆனால் தானே தீர்ந்துவிடும் என்ற நினைப்பு. பெண்கள் பள்ளியை வைத்து வரும் விஷுவல் நாவல்கள் பலவும் அந்த மரபின் வாரிசுகள்தான். இன்னசென்ட் கிரே நிறுவனம் 2014 முதல் 2017 வரை நான்கு பருவங்களாக வெளியிட்ட ‘ஃபிளவர்ஸ்’ வரிசையில் பள்ளி நிர்வாகமே மாணவிகளைத் தோழிகளாகச் சேர்த்துவிடும். அங்கே நட்பு என்பது பள்ளி கொடுத்த ஏற்பாடு. காதல் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே முளைக்கிறது. விடுதி வார்டன் அறை ஒதுக்குவதும் ஏறக்குறைய இதேதானே என்று கல்லூரிப் பெண் கேட்டதற்கு எக்கா பதில் சொல்லவில்லை.

தேரோட்டமும் மெஸ்ஸும்

அடுத்து ஸ்கிரிப்டைத் திறந்தோம். ரென்பையில் ஸ்கிரிப்ட் என்பது வெறும் உரைக் கோப்பு. நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். செய்தவர்கள் அதையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தோடும் உள்ள நெருக்கத்துக்கு விளையாட்டு ஓர் எண் வைத்திருக்கும். எந்தத் தேர்வுக்கு எந்தப் பாத்திரத்தின் எண் ஏறுகிறது, எங்கே ரூட் அடைபடுகிறது என்பதெல்லாம் அதில் பச்சையாக எழுதியிருக்கும்.

கதையிலேயே அழகான காட்சி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். ரத வீதியில் கூட்டம் நெருக்குகிறது. வடம் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், வியர்வையும் குங்குமமும் ஒரு பக்கம். மூன்று பேரும் பிரிந்துபோகிற நிலை. திரையில் கேள்வி வருகிறது: ‘யார் கையைப் பிடிப்பாய்?’ மும்தாஜா, ஸ்டெல்லாவா. படிக்கிற யாரும் ரூட் பிரியும் இடம் இதுதான் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் அங்கே ஒரு சேவ் போட்டு வைத்தேன். ஸ்கிரிப்டில் பார்த்தால் அந்தத் தேர்வுக்கு ஓர் எண்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. யார் கையைப் பிடித்தாலும் நாலு வரி மாறும், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த காட்சி, விடுதி மெஸ். சப்பென்ற காட்சி. வீட்டிலிருந்து போன் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். கேள்வி: ‘இதை முதலில் யாரிடம் சொல்வாய்?’ மும்தாஜிடம், ஸ்டெல்லாவிடம், யாரிடமும் வேண்டாம். இந்த ஒரே தேர்வில் ஸ்டெல்லாவின் எண் மூன்று ஏறுகிறது. விளையாட்டு முழுவதிலும் ஒரே அடியாக மூன்று ஏறுவது இங்கே மட்டும்தான். மும்தாஜிடம் முதலில் சொல்லிவிட்டால் ஸ்டெல்லா ரூட் அடைபட்டுவிடுகிறது, அப்புறம் எதைச் செய்தாலும் திறக்காது. யாரிடமும் சொல்லாவிட்டால்கூட அடைபடுவதில்லை.

எனக்கு இந்த வழக்கின் மையமே இதுதான். இசக்கி வேறு யாரிடம் போனாலும் மும்தாஜின் எண் இறங்குவதில்லை. நூலகத்தில் வருகிற இன்னொரு சிறு தோழிக்கும் அப்படியே. நட்புக்கு அந்த ஸ்கிரிப்டில் இடத் தட்டுப்பாடு கிடையாது. ஸ்டெல்லாவின் எண் மட்டும், இசக்கி தன் மனசில் இருப்பதை இன்னொருத்தியிடம் கொண்டுபோகிறபோதெல்லாம் இறங்குகிறது. சேர்ந்து சாப்பிட்டதற்கும் தலை பின்னியதற்கும் ஸ்டெல்லாவுக்குக் கணக்கே இல்லை. முதலில் தன்னிடம் வந்தாளா என்பதற்கு மட்டும் இருக்கிறது. நெருங்கிய தோழிக்கும் இந்தப் பொறாமை வரும் என்று எழுதியவள் பிற்பாடு வாதாடினாள். வரும்தான். ஆனால் மூன்று தோழிகளை எழுதிவிட்டு ஒருத்திக்கு மட்டும் அந்த விதியைப் போட்டது அவள்தானே.

ஸ்டெல்லாவிடம் சொன்னால் வருகிற உரையாடலை அப்படியே தருகிறேன்.

இசக்கி: ஏட்டி, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவளாம்.
ஸ்டெல்லா: ……
ஸ்டெல்லா: மாப்ளைக்கி எந்த ஊரு?
இசக்கி: அத்தை மவன்தான். கல்லிடைக்குறிச்சி.
ஸ்டெல்லா: பக்கத்துலதான. நல்லது.
ஸ்டெல்லா: கொடியில துணி கெடக்கு. மழ வருது, எடுத்துட்டு வாரேன்.

இரண்டாவது வரியில் புள்ளிகள் மட்டும் நிற்கின்றன அல்லவா, அங்கே ஐந்து நொடி திரை அசையாது. கிளிக் செய்தாலும் நகராது. ஸ்கிப் வேலை செய்யாது. ரென்பையில் சாதாரணமாக மவுஸ் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் முந்தைய வரிக்குப் போய்த் தேர்வை மாற்றிக்கொள்ளலாம். இந்த இடத்தில் மட்டும் அதற்கும் பூட்டு. மூன்றும் தானாக அமைவதில்லை, ஒவ்வொன்றையும் கை வைத்து எழுத வேண்டும். கல்யாணப் பேச்சைச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று வாசகரை உட்காரவைத்துக் காட்டுகிறார்கள்.

அப்புறம் மழை. மெஸ் காட்சியின் பின்னணிப் படத்தில் ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடக்கிறது. மழைக்கான படம் அவர்களிடம் இல்லாமல் இல்லை. வேறு காட்சிகளில் அதே ஜன்னலுக்கு மழைப் படம் வருகிறது. அதைப் போடவில்லை. ‘மழ வருது’ என்று அவள் சொல்லும்போது வெயில் அடிக்கிறது. இசக்கியும் ஒன்றும் கேட்பதில்லை.

எம்.ஏ. படித்தவள் இங்கேதான் வாயைத் திறந்தாள். தொல்காப்பியம் அகப்பாட்டின் மறைபொருளை இரண்டாகப் பிரிக்கிறது, ஒன்று உள்ளுறை, மற்றது இறைச்சி என்றாள். உள்ளுறையில் பாட்டில் வரும் மரமும் பறவையும் விலங்கும் மனிதர் கதையோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். இறைச்சி அப்படிப் பொருந்தி நிற்காது, சொன்ன பொருளுக்கு வெளியே நிலத்திலிருந்து பிறக்கும். திறம் தெரிந்து ஆராய்கிறவர்க்கே புலப்படும். இந்த வெயிலும் அந்த வகை என்பது அவள் கட்சி. ஸ்டெல்லாவின் வார்த்தையில் காதல் இல்லை, வார்த்தையை வெயில் பொய்யாக்குகிறது. விஷுவல் நாவலில் எழுத்து ஒரு வழியாகவும் படம் ஒரு வழியாகவும் வருவதால் இதைச் செய்ய முடிகிறது, அச்சுப் புத்தகத்தில் இவ்வளவு சத்தமில்லாமல் முடியாது என்றாள். அவள் எல்லாவற்றையும் அகத்திணையில் கொண்டுபோய்க் கட்டுவாள், நாங்கள் கேலி செய்வதும் உண்டு. இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை.

ஒன்பது சிஜி

சிஜி என்பது ஒரு முக்கியத் தருணத்துக்கென்று தனியாக வரைந்து திரை முழுக்கக் காட்டுகிற படம். இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் விளையாட்டில் அதற்குத்தான் ஏகப்பட்ட நேரம் போகும். எதற்கு வரைந்தார்கள் என்பதே ஒரு சாட்சி. மொத்தம் ஒன்பது. ஸ்டெல்லா இருப்பவை ஐந்து. எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அறைத்தோழி அதிகம் வருவது இயல்புதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. நாம் இசக்கியாக விளையாடுகிறோம், அதனால் கதை முழுக்க இசக்கியின் கண்ணால்தான் பார்க்கிறோம். மும்தாஜ் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற சிஜியில் அவள் நேரே நம்மைப் பார்க்கிறாள், அதாவது இசக்கியைப் பார்க்கிறாள். ஸ்டெல்லாவின் ஐந்தில் மூன்றில் இசக்கியும் படத்துக்குள் இருக்கிறாள். இசக்கியின் முகத்தை வாசகர் முதன்முதலாகப் பார்ப்பது பாபநாசத்தில் ஸ்டெல்லா அவள் தலையைத் துவட்டும்போதுதான். துவட்டுவதைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. ஆனால் அந்த நொடியில் நம்மை இசக்கிக்குள்ளிருந்து வெளியே தள்ளி, ‘நீ கொஞ்சம் தள்ளி நின்று பார்’ என்று சொன்னது யார்? வரைந்தவள். அவள்தான் கடைசிவரை எங்களிடம் வாய் திறக்காதவள்.

எதிர்ச் சாட்சிகளும் கனமானவைதான். ஸ்டெல்லா ஊர்க் கோயில் பாடகர் குழுவில் ஒரு பையனைப் பற்றி அடிக்கடி பேசுகிறாள். ஸ்டெல்லா ரூட்டின் முடிவில் இசக்கி கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது பி.எட். படிப்பதற்காக, அவள் வாயால் சொல்கிற காரணம் அது ஒன்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து வாழ்வதாகவும் காட்டவில்லை, வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டின் வாடகையை விசாரிப்பதோடு முடிகிறது. ஐ.டி. தம்பிக்கு இதெல்லாம் தூசி. பாடகர் பையன் ஒரு திரை, பி.எட். ஒரு சாக்கு என்று தள்ளிவிட்டான்.

இந்த இடத்தில் நான் அவனோடு மல்லுக்கு நின்றேன். பையனைப் பற்றிப் பேசினால் ‘மறைக்கிறாள்’, பேசாவிட்டால் ‘அக்கறையே இல்லை’ என்றால் எந்தக் கதையையும் எப்படியும் நிறுவிவிடலாம். உட்பொருள் தேடுகிறவர்களுக்கு எளிதில் வருகிற நோய் இது, பிடித்த ஜோடி என்றால் இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே ஒவ்வொருவரும் மீதியைப் படிப்பதற்கு முன்பே, எதைக் கண்டால் தன் கட்சியை மாற்றிக்கொள்வார் என்று சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எக்கா அதுவரை நட்புக் கட்சி. “பொது முடிவுல இவ கல்யாணத்துக்கு ஸ்டெல்லா வந்து நிக்காளா பாரு. வந்தான்னா நட்புதான். வரலைன்னா நான் யோசிக்கேன்” என்றார். அவர் அந்த முடிவை அப்போது படித்திருக்கவில்லை.

பொது முடிவில் இசக்கிக்குக் கல்லிடைக்குறிச்சியில் கல்யாணம். மும்தாஜ் வருகிறாள், கையில் இரண்டு பொட்டலம். ஒன்று அவளுடையது, ஒன்று ஸ்டெல்லா கொடுத்துவிட்டது. “அவளுக்குக் காய்ச்சல்” என்கிறாள். மெஸ் காட்சியில் வருகிற பின்னணி இசை மறுபடி ஒலிக்கிறது. எக்கா லேப்டாப்பை மூடிவிட்டு, “கூட்டாளின்னா காய்ச்சலோட வந்து பந்தி பரிமாறியிருப்பா” என்றார். எங்கள் எல்லோருடைய வாதங்களையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். விடுதியில் நட்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அந்த அளவிலிருந்து இது எங்கே விலகுகிறது என்றும் தெரியும்.

எழுதியவளின் சொல்

“நட்பைத்தான் எழுதினோம்” என்று எழுதியவளே சொன்ன பிறகு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? அவள் சொல்லை நாங்கள் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டு அவள் ஒருத்தி செய்தது அல்ல. எழுத்தில் இருப்பதைவிடப் படத்திலும், நிறுத்தத்திலும், எண் கணக்கிலும்தான் விஷயம் இருக்கிறது. வரைந்தவளைப் பிடித்துக் கேட்கலாமே என்றான் தம்பி. கேட்கக் கூடாது என்பதில் எக்காவும் நானும் உறுதியாக நின்றோம். இந்த ஊரில் ‘உன் கதை காதல் கதையா?’ என்ற கேள்வி அங்கேயே நிற்காது, அடுத்து அவளைப் பற்றியதாகிவிடும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்தி, வயது வந்தவர்கள் மனமொத்து வாழும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டார், போலீஸ் தொந்தரவு கூடாது என்றும் சொன்னார். எல்லாம் சரி. தீர்ப்பு டெல்லியிலும் சென்னையிலும் வருகிறது, பக்கத்து வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. அந்த இருவரும் விளையாட்டில் சொந்தப் பெயர் போடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சொல்லாமல் விடுவதை நம்மவர்கள் ‘துணிச்சல் இல்லை’ என்று சட்டென்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கதையில் சொல்லாமல் விட்டதுதான் கதை என்பது என் எண்ணம். ஸ்டெல்லா வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து நொடிக்கு வேலையே இருந்திருக்காது.

மதிப்பெண்

2007இலிருந்து இயங்கும் விஎன்டிபி என்ற விஷுவல் நாவல் தரவுத்தளத்தில் ஒவ்வொரு டேக்குக்கும் பயனர்கள் மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்று வரை மதிப்பெண் போடுவார்கள். அந்த டேக் கதையைப் போட்டுடைக்கிறதா என்பதற்குத் தனி அளவு உண்டு. அதையே கடன் வாங்கினோம், ஒரு மாற்றத்தோடு: முழு விளையாட்டுக்கும் சேர்த்துப் போடாமல் ரூட் ரூட்டாகப் போட்டோம். விஷுவல் நாவலில் ஒரு ரூட்டில் நடப்பது இன்னொரு ரூட்டில் நடக்கவே இல்லை. மும்தாஜ் ரூட்டில் ஸ்டெல்லாவின் எண் ஏறாத இசக்கிக்கு, ஸ்டெல்லா உண்மையிலேயே ஓர் அறைத்தோழி மட்டும்தான்.

ஸ்டெல்லா ரூட்டுக்குத் தம்பி மூன்று போட்டான். எக்காவும் எம்.ஏ. படித்தவளும் நானும் இரண்டு. மூன்று போடாததற்கு என் காரணம், இசக்கியின் பக்கம் சாட்சி குறைவு. எல்லா அடையாளமும் ஸ்டெல்லாவின் பிரியத்தைத்தான் காட்டுகிறது. இசக்கிக்கு அது தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளா என்பது வாடகை விசாரிக்கிற அந்த ஒரு காட்சியில் தொங்குகிறது. கல்லூரிப் பெண் ஒன்று போட்டாள், பி.எட். காரணத்தை அவள் அப்படியே நம்பினாள். பொது ரூட்டுக்கு ஏறக்குறைய எல்லோரும் பூஜ்யம், கடைசிக் காய்ச்சலுக்காக எக்கா மட்டும் ஒன்று.

செய்தவர்கள் எடுத்த முடிவு இது: முதல் பக்கத்தில் ‘கல்லூரி விடுதி, பெண்கள்’ என்று மட்டும் இருக்கும். ‘கதை தெரிந்தாலும் பரவாயில்லை’ என்று அழுத்தினால் திறக்கிற இடத்தில், ஸ்டெல்லா ரூட்டில் பெண்-பெண் காதலின் சாயல் உண்டு, வெளிப்படையாக இல்லை என்று ஒரு வரி இருக்கும். தேடி வருகிறவளுக்கும் கிடைக்கும், சித்தப்பா தற்செயலாகத் திறந்தாலும் வம்பு இல்லை. எழுதியவள் கையெழுத்துப் போடாத குறையாகச் சம்மதித்தாள்.

எண் கணக்கைப் பார்ப்பது தேர்வு இருக்கிற விளையாட்டுக்குத்தான் ஆகும். 2007 முதல் 2010 வரை வந்த ‘உமிநேகோ’ போன்றவற்றில் தேர்வு என்பதே ஏறக்குறைய இல்லை. அதில் லாம்டாடெல்டா என்ற சூனியக்காரி இன்னொரு சூனியக்காரியான பெர்ன்காஸ்டலிடம் வாய்விட்டே அன்பைச் சொல்வாள், ஆனால் கேலியும் கொடூரமும் கலந்து. அங்கே எங்கள் வழி உதவாது, எழுத்தையும் அதன் தொனியையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

எம்.ஏ. படித்தவளின் மாற்றுக் கருத்தைத் தனியாகப் பதிந்து வைத்திருக்கிறோம். இத்தனை பேரும் ஸ்டெல்லாவையே பார்த்துக்கொண்டு மும்தாஜை விட்டுவிட்டோம் என்கிறாள். ஆதாரத்துக்கு அவள் எடுப்பது 2012இல் வந்த ‘கட்டவா ஷோஜோ’. அதுவும் ரென்பையில் செய்ததுதான். அதில் ஷிசுனேக்குக் காது கேட்காது. அவள் கையசைவைக் குரலாக்குகிறவள் மிஷா, எப்போதும் சிரிப்பு, கலகலப்பு. மற்ற ரூட்களில் அவள் மொழிபெயர்க்கிற தோழி, அவ்வளவுதான். ஷிசுனே ரூட்டில்தான் தெரிய வரும், மிஷா முன்பே ஷிசுனேயிடம் காதலைச் சொல்லி மறுக்கப்பட்டவள் என்று. அதன் பிறகு பழைய காட்சிகளுக்குப் போனால் அந்தச் சிரிப்பு வேறாகத் தெரியும். மும்தாஜும் கதை முழுக்கச் சேதி சுமக்கிறவள். போன் வந்ததைச் சொல்கிறவள், பொட்டலம் கொண்டுவருகிறவள், காய்ச்சல் என்று பொய் சொல்கிறவள். அகப்பாட்டில் தோழிக்குத் தூது போவது வேலை, தனக்கென்று ஒரு மனசு இருப்பதாக யாரும் பாடுவதில்லை. அதனால்தான் நாமும் அவளைப் பார்க்கவில்லை என்பது அவள் வாதம்.

எனக்கு இது முழுசாக ஒப்பவில்லை. மும்தாஜின் எண் யாருக்காகவும் இறங்குவதில்லை என்பது அவளுக்கு எதிராக நிற்கிறது. “விட்டுக்கொடுக்கிறவளுக்கு எப்படி இறங்கும்?” என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல ஸ்கிரிப்டில் ஒன்றும் அகப்படவில்லை, ஆகவே மும்தாஜ் ரூட்டில் அவளுடைய பிளஸ் ஒன்றும் மற்றவர்களின் பூஜ்யமும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன. அடுத்த பதிப்பில் மும்தாஜுக்கு இன்னொரு சிஜி சேர்க்கப்போவதாக வரைந்தவள் சொல்லியனுப்பியிருக்கிறாள். அதில் இசக்கியின் முகமும் படத்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மதிப்பெண் போடுவோம்.